கப்பலேறி வந்த சாதி!

பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின் சிங்கப்பூர் மண்ணை மீண்டும் மிதித்தோம். சிராங்கூன் சாலையில் பூக்கடை மணம் மாறவில்லை. இரயில் நிலையப் பலகையிலே தமிழ்! நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றன்றோ! 1929-30 சுற்றுப்பயணத்தில் பெரியாரை வரவேற்ற ஊர். 1935-இல் சாரங்கபாணியார் 'தமிழ் முரசு' முழக்கிய ஊர். நெஞ்சு நிமிர்ந்தது.

நிமிர்ந்த நெஞ்சு நெடுநேரம் நிற்கவில்லை. பழைய அண்டை வீட்டு அத்தை இலை போட்டார். "மகளுக்கு வரன் பார்க்கிறோம் தம்பி, நம்ம ஆளாக இருக்கணும்" என்றார். எந்த ஆள்? கடல் கடந்தால் சாதி கெடும் என்றனரே சாத்திரம் படித்தோர், கெட்டதா? பாழும் சாதி கப்பலேறி வந்து அடுக்குமாடியிலும் குடியேறிவிட்டதே!

பொறியியல் படித்த அந்த மகள் கதவோரம் நின்று நம்மையே பார்த்தாள்.

"அவளைக் கேட்டீர்களா, அத்தை?" என்றோம்.

அத்தை மறுசோறு வைக்கவில்லை.