ஒயர் போகும் வழி

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம் காலை வேளையில் சற்று நின்று பாருங்கள். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் சைக்கிளிலேயே சுற்றுகிறவர்கள் போவார்கள். பால்காரரின் பழைய ஹெர்குலிஸை, தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள் ஒன்று முந்தும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால் டயர், கியர் என்பீர்கள். நான் ஒயரைச் சொல்வேன்.

பழைய சைக்கிளில் பிரேக்குக்கு ஒயரே கிடையாது; இரும்புக் கம்பிதான். ஆயுசு கெட்டி, ஆனால் வளைந்து போகத் தெரியாது. வளைந்தும் இழுக்கும் ஒயருக்கு 1896-ல் காப்புரிமை வாங்கியவர் எர்னஸ்ட் பௌடன். வெளியே அவுட்டர் என்கிற உறை, உள்ளே இன்னர் என்கிற முறுக்குக் கம்பி. உறை நசுங்காமல் நின்றால்தான் கம்பி ஒழுங்காக இழுபடும். பிரேக் அவுட்டருக்குள் கம்பி சுருளாகவும், கியர் அவுட்டருக்குள் நீளவாக்கிலும் இருக்கும். கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போட்டால், அழுத்திப் பிடிக்கும்போது பிளந்துவிடலாம்.

மலைப்பாதை சைக்கிளில் பெரிய கேள்வி, ஒயரை எந்த வழியாகக் கொண்டு போவது என்பதுதான். பெடல் அச்சுக்கு அடியில் போனால் சேறு அப்பும். மேல் குழாயோடு போனால் சேறு குறைவு. முழு நீளத்துக்கும் அவுட்டர் போட்டால் தண்ணீர் புகும் இடங்கள் குறையும். இப்போது பல சைக்கிள்களில் ஃபிரேமுக்குள்ளேயே நுழைத்து விடுகிறார்கள். பார்க்க அழகு. மாற்ற வேண்டி வந்தால் மெக்கானிக்குக்குப் பாதி நாள் போய்விடும்.

"மறைச்சு வச்சா மழைக்கு நல்லது சார். ஆனா துரு புடிச்சா எப்படித் தெரியும்?" என்றார் எனக்குத் தெரிந்த மெக்கானிக். அப்போது பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி, காற்றடிக்க சாதாரண சைக்கிளோடு வந்தாள். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. அவர் லீவரை அழுத்தி, உள்ளே பார்க்கச் சொன்னார். ஒயரின் முனையில் மூன்று இழைகள் அறுந்து முள்ளாக நின்றன. "இன்னும் ஒரு வாரம் ஓடும்மா. இல்ல, இன்னிக்கு சாயங்காலமே போயிடும்" என்றபடி புது இன்னரை எடுத்தார்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் நீங்களும் பாருங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ஒயர் விறைக்கக் கூடாது. அது ஃபிரேமில் உரசும் இடத்தில் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றுங்கள். பிறகு லீவரை அழுத்தி உள்ளே பாருங்கள். பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், இதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போடாதீர்கள்.