நட்சத்திரத்தின் மகனும் சில சாவிகளும்

ஜெருசலேமிலிருந்து தென்மேற்கே பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். பத்தீர் என்று ஒரு பாலஸ்தீனக் கிராமம். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் அடுக்கிய வயல்கள். ஊற்றுத் தண்ணீர் வாய்க்காலில் சலசலக்கிறது. ஆலிவ், திராட்சை, கத்தரிக்காய் என்று ஒரே பச்சை! 2014-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கீழே பள்ளத்தாக்கில் ரயில் பாதை. 'அடடா, இங்கேயே தங்கிடலாமே' என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். ஊரை ஒட்டிய மேட்டில் மதில் இடிபாடுகள் கிடக்கின்றன, பாருங்கள். அதுதான் பெத்தார் கோட்டை. ரோமாபுரியை எதிர்த்த யூதர்கள் கி.பி. 135-ல் கடைசியாக நின்று மடிந்த இடம். ஊற்றுப் பக்கம் ரோமானியப் படைப்பிரிவுகளின் பெயர் பொறித்த கல்வெட்டும் கிடைத்திருக்கிறது.

உள்ளே இருந்த தலைவர், சிமியோன் பார் கோசிபா.

யார் இந்த ஆசாமி? ரோமானியர் கி.பி. 70-ல் இடித்துப்போட்ட ஜெருசலேமில், தன் பெயரிலேயே ஒரு ரோமானிய நகரம் கட்டக் கிளம்பினார் பேரரசர் ஹேட்ரியன். யூதர்கள் கொதித்தார்கள். 132-ல் கலகம் வெடித்தது. ரோமானியக் காசுகளையே எடுத்து, பேரரசர் முகத்தின் மேல் தங்கள் முத்திரையை அடித்தார்கள். (செலவும் மிச்சம், ஆத்திரமும் தீர்ந்தது!)

அந்தக் காலத்துப் பெரிய அறிஞர் ரபி அகிபா. அவரே பார் கோசிபாவைப் பார்த்து, "மேசியா வந்துட்டார்" என்றாராம். 'பார் கோக்பா', அதாவது நட்சத்திரத்தின் மகன் என்று பெயர் மாறியது. சக ரபி ஒருவர் மட்டும், 'நீர் மண்ணுக்குள் போன பிறகும் மேசியா வந்திருக்கமாட்டார்' என்ற அர்த்தத்தில் கிண்டலடித்தாராம்.

ஜெயித்தது கிண்டல்தான். 50 கோட்டைகள், 985 கிராமங்கள் அழிந்தன, 5,80,000 பேர் செத்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. தோற்றவருக்குப் பெயரும் மாறிவிட்டது. 'பார் கோசிபா' என்பதை ரபிகள் 'பார் கோஸிபா' என்று திரித்தார்கள். அர்த்தம்? பொய்யின் மகன்!

நட்சத்திரமா, பொய்யா? பதில் தேட, பத்தீரிலிருந்து கிழக்கே சாக்கடல் பக்கம் போகவேண்டும். எங்கெதிக்குத் தெற்கே ஹெவர் பள்ளத்தாக்கு. ஒரு பொட்டு நிழல் கிடையாது. செங்குத்தான பாறையின் நடுவே ஒரு குகை. 1960-ல் யிகேல் யாதின் குழுவினர் இங்கே நுழைந்தபோது, பார் கோசிபா அனுப்பிய கடிதங்களே கிடைத்தன.

மேசியா என்ன எழுதியிருப்பார்? தத்துவமா? ஊகூம். 'கழுதை அனுப்பியிருக்கேன், கூடாரப் பண்டிகைக்குப் பேரீச்ச ஓலை ஏற்றி அனுப்பு' என்கிற ரகம். எங்கெதி அதிகாரிகளுக்கு, 'அங்கே சாப்பிட்டுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கீங்களா?' என்கிற பாணியில் ஒரு டோஸ்! நட்சத்திரமும் இல்லை, பொய்யும் இல்லை. சப்ளை வந்து சேராமல் தவித்த ஒரு தளபதி.

அதே குகையில் பாபத்தா என்ற பெண்மணியின் பை. இரண்டு தடவை விதவையானவள். அதற்குள் 35 பத்திரங்கள்: பேரீச்சந்தோப்புச் சொத்து, கல்யாண ஒப்பந்தம், மகனின் ஜீவனாம்ச வழக்கு. கடைசிப் பத்திரத்தின் வருஷம் 132. அதோடு அவளைப் பற்றிய தகவல் நின்றுபோகிறது.

குகைக்கு நேர் மேலே ரோமானிய முகாம். இறங்கிச் சண்டை போடவேண்டிய அவசியமே இல்லை. பசியும் தாகமும் பார்த்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத்துக் குகையில் மட்டும் சுமார் 40 பேரின் எலும்புகள் கிடைத்தன, குழந்தைகள் உட்பட.

பாபத்தாவின் குகையில் கிடைத்த இன்னொரு பொருள்: வீட்டுச் சாவிகள். ஒழுங்காகப் பூட்டிவிட்டு, பத்திரமாக எடுத்து வந்திருக்கிறார்கள்.

தலைவரை மேசியா என்று அவர்கள் நம்பினார்களோ, இல்லையோ... வீட்டுக்குத் திரும்பிப் போவோம் என்று மட்டும் நம்பியிருக்கிறார்கள்.