நாக்கில் கடிக்கும் சோப்பு

ஆனைமலைப் பக்கம் ஓர் ஊர் மாவு மில்லில் சீயக்காய்க்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் முறை. அரிசி, ராகி எல்லாம் ஓட்டி முடித்து, இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகே மில்காரர் சம்மதிப்பார். ஏன் என்பது ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிட்டது. பெல்ட் ஓட ஆரம்பித்ததும் பழுப்புத் தூசி கிளம்பியது. வாசலில் நின்ற நான், மில்காரர், தெருவோடு போன ஒரு வெள்ளாடு என எல்லாரும் தும்மினோம். ஈரத்துண்டால் முகத்தைக் கட்டியிருந்த அக்கா மட்டும் அசையாமல் நின்று தொட்டியில் காயைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வெளிய நில்லுங்க அம்மிணி. இது மூக்குல ஏறுச்சுன்னா ராத்திரி வரைக்கும் விடாதுங்க."

அந்தத் தெருவில் அக்கா உட்பட ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். சீயக்காய்த் தூள், குளியல் பொடி, தேங்காய் எண்ணெய்ச் சோப்பு என மூன்றே சரக்குதான். தங்கள் வீடுகளுக்கும் உறவுக்காரர்களுக்கும் மட்டும். கடைக்குக் கொடுக்கலாமே என்றேன். விற்பதென்றால் அழகுப் பொருட்களுக்கான 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் வாங்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டடமும் படித்த ஆளும் வேண்டும் என்று அக்கா கணக்காகச் சொன்னார். விசாரித்து வைத்திருக்கிறார்.

பொடிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சைப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் என்று எல்லா வீட்டுப் பாட்டிகளும் சொல்லும் பட்டியல்தான். இரண்டு விஷயம் மட்டும் புதிதாகத் தெரிந்துகொண்டேன். கடையில் கஸ்தூரி மஞ்சள் என்று வருவதை அக்கா முதலில் உடைத்துப் பார்க்கிறார். உள்ளே பளீரென்று மஞ்சளாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார். அசல் வெளிறிப்போய் இருக்கும், கற்பூர வாசம் அடிக்கும். இன்னொன்று கார்போக அரிசி. நலங்கு மாவில் பலரும் சேர்ப்பதுதான், ஆனால் அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் கன்றிக் கறுத்துவிடும். காட்டு வேலைக்குப் போகிற ஊரில் அது எதற்கு என்று இவர்கள் எடுத்துவிட்டார்கள். பழைய முறை என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு அரைக்காத இந்தப் புத்தி எனக்குப் பிடித்திருந்தது.

நான் போனது உண்மையில் சோப்புக்காகத்தான். மறுநாள் காலை அக்கா வீட்டுப் பின்வாசலில், காற்று வருகிற இடமாகப் பார்த்து எல்லாம் எடுத்து வைத்தார்கள். போன வேகத்தில் ஒரு வார்த்தை விட்டேன்: "கெமிக்கல் இல்லாத சோப்புன்னு கேள்விப்பட்டேன்." ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா உள்ளே போய் இறுக மூடிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வெள்ளைச் செதில்கள். காஸ்டிக் சோடா.

"இது இல்லாம சோப்பு ஏதுங்க? எண்ணெய் எண்ணெயாத்தான் இருக்கும்."

அவர் சொன்னது முழு உண்மை. எந்தச் சோப்பானாலும் எண்ணெயும் காரமும் கலந்து பிறந்ததுதான். காரக் கரைசல் இல்லாமல் வீட்டில் சோப்பு செய்தோம் என்பவர்கள், யாரோ ஏற்கெனவே காரம் சேர்த்துச் செய்த கட்டியை வாங்கி உருக்கி ஊற்றுகிறார்கள். நம் ஊர் வண்ணார்கள் துணி வெளுக்க உவர்மண்ணைத் தேடிப் போனதும் அதிலிருந்த காரத்துக்காகத்தானே. காரம் வேலையை முடித்த பிறகு அது காரமாக இருப்பதில்லை. அப்படி முடிகிறதா என்பது அளவைப் பொறுத்தது.

அந்த அளவைச் சொல்லும்போதுதான் அக்காவின் குரல் மாறியது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக 183 கிராம் காஸ்டிக் வேண்டும். முதலில் கொஞ்சம் குறைத்து 174 கிராம் போட்டார்கள். நுரை பொங்கியது, ஆனால் குளித்ததும் தோல் இழுத்தது. இப்போது 155 கிராம்தான். மிச்ச எண்ணெய் சோப்பாகாமல் உள்ளேயே தங்கித் தோலுக்குப் பதம் கொடுக்கிறது. டம்ளர் கணக்கெல்லாம் இங்கே செல்லாது, எண்ணெயைக்கூட எடை போட்டுத்தான் ஊற்றுகிறார்கள். எல்லாச் சமையலையும் கைக்கணக்கில் செய்கிற பெண்கள் தராசு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து நின்றதைப் பார்க்க வேண்டும்.

350 மில்லி தண்ணீரில் செதில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினார். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் பாத்திரத்திலிருந்து ஆவி வந்தது, சூடு 80 டிகிரியைத் தாண்டிவிடும். பாத்திரம் எவர்சில்வர். ஆரம்பத்தில் அலுமினியக் குண்டானில் கலக்கி, அது கறுத்துப் பொங்கி, குண்டானையே தூக்கிப் போட்ட கதையை ஒருத்தர் சிரித்தபடி சொன்னார். அம்மா வீட்டுச் சீதனக் குண்டானாம்.

ஆறிய கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கிண்டினார்கள். கரண்டியைத் தூக்கினால் விழுகிற கோடு மேலேயே நிற்க வேண்டும், அதற்குப் பெயர் 'கோடு நிக்கற பதம்'. அப்போது ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டார் அக்கா. மஞ்சளாகும் என்று பார்த்தால் சட்டென்று செங்கல் நிறம் ஏறியது. "ஆரத்தி கரைக்கறப்ப சுண்ணாம்பு போடறோமில்லீங்களா, அதேதான்." எத்தனை கல்யாணத்தில் ஆரத்தித் தட்டைப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் இது தோன்றியதில்லை.

தேங்காய் எண்ணெய்ச் சோப்பு சீக்கிரம் இறுகிவிடும். காலையில் ஊற்றியதைச் சாயங்காலத்துக்குள் வெட்ட வேண்டும், மறுநாள் வரை விட்டால் கத்தி பட்டதும் கடலைமிட்டாய் மாதிரி உடையும். காரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, வெட்டிய ஓரத்தை ஈர விரலால் தேய்த்து, அக்கா நாக்கு நுனியில் வைத்தார். முகம் சுளித்து, துப்பி, வாயைக் கொப்பளித்தார்.

"இன்னும் கடிக்குதுங்க."

ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வைத்துத் தேதி எழுதி அலமாரியில் அடுக்கினார்கள். குறைந்தது நான்கு வாரம் காற்றாட இருக்க வேண்டும். மேல்தட்டிலிருந்து போன மாதத்துத் துண்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே பாத்துக்கங்க."

எனக்குக் கை வரவில்லை. காலையில் பார்த்த ஆவியும் அந்தக் கறுத்த குண்டானும் கண் முன்னால் நின்றன. ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலை நனைத்து, தேய்த்து, நாக்கில் வைத்தேன்.

கடிக்கவில்லை. சின்ன வயதில் குளிக்கும்போது வாய்க்குள் போய்விடுமே, அந்த அசட்டுச் சோப்பு ருசிதான்.