பெட்டி எங்க?

“தம்பி, சீட்டுல பெட்டி பி பிளாக்குன்னு போட்டுருக்குது. நானும் ரீச் ஸ்டேக்கர்காரரும் மூணு வாட்டி பாத்துட்டோம். தரையில இல்லியே, இன்னா பண்ணச் சொல்ற?”

இரவு பத்தரை மணி. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே ஓடும் மென்பொருளை எழுதியவர்களில் நானும் ஒருவன். பெட்டி கிடைத்தபோது விடியற்காலை நாலரை. டி பிளாக்கில், இரண்டு பெட்டிகளுக்கு அடியில் இருந்தது. டிரைவர் அண்ணன் அதுவரை டிரெய்லர் கேபினிலேயே கொசுக்கடியில் படுத்திருந்தார்.

லாகைப் புரட்டினேன். மாலை 6 மணிக்கு கேட் அலுவலகத்தில் ஒருவர் அந்தப் பெட்டியின் ரெக்கார்டைத் திறந்திருக்கிறார். அப்படியே டீ குடிக்கப் போய்விட்டார். அந்த இடைவெளியில் யார்டுக்காரர் பெட்டியை பி-யிலிருந்து டி-க்கு நகர்த்திப் பதிவும் செய்துவிட்டார். திரும்பி வந்த கேட்காரர் சீல் எண்ணை மட்டும் திருத்தி ‘சேவ்’ அழுத்தினார். அவர் திரையில் கிடந்த பழைய ‘பி’யும் சீலோடு சேர்ந்து போய் உட்கார்ந்துகொண்டது. தரவுத்தள ரெக்கார்டுகளை ஜாவா ஆப்ஜெக்ட்களாக மாற்றித் தரும் ஹைபர்னேட், தனியாகச் சொல்லாவிட்டால், மாறிய கட்டத்தை மட்டும் எழுதாது. எல்லாக் கட்டங்களையும் எழுதும்.

இதைத் தடுக்கத்தான் வெர்ஷன் எண். நாங்களும் வைத்திருந்தோம். படிக்கும்போது எண் 7 என்றால், எழுதும்போது ‘இன்னும் 7-ஆக இருந்தால் மட்டும் மாற்று, எண்ணை 8 ஆக்கு’ என்று கட்டளை போகும். நடுவில் வேறொருவர் மாற்றியிருந்தால், மாறிய ரெக்கார்டுகள் 0 என்று பதில் வரும். ஹைபர்னேட் உடனே பிழையை வீசும். பூட்டுப் போடாதே, மோதல் அரிது என்று நம்பு, கடைசியில் சரிபார். குங்கும் ராபின்சனும் 1981-இல் ஒரு கட்டுரையில் விளக்கிய வழி இது.

அப்படியானால் அன்றைக்கு ஏன் பிழை வரவில்லை? வந்தது. அதன் வாயை நான்தான் அடைத்திருந்தேன்.

இரண்டு மாதம் முன்பு, “செவப்பா ஏதோ வருது சார், வேலையே ஓட மாட்டேங்குது” என்று புகார். பிழை வந்தால் ரெக்கார்டை மறுபடி படித்து, திரையில் இருப்பதை அப்படியே அதன்மேல் கொட்டிச் சேமிக்கும்படி நாலு வரி எழுதினேன். புது எண் பொருந்திவிடும் அல்லவா? புகார் நின்றது. பாராட்டுகூட கிடைத்தது.

அப்பா துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவர். அவர் ஷிப்டில் ஒரே நோட்டு. யார் கையில் நோட்டோ அவர் எழுதுவார், மற்றவர் நிற்பார். ராயபுரம் வீட்டில் நடந்ததைச் சொன்னபோது ஒன்றுதான் கேட்டார்: “நீ எழுதப் போற எடத்துல வேற ஒருத்தன் எழுதியிருந்தா, அவனைக் கூப்ட்டுக் கேக்க மாட்டியா?”

அப்பாவின் நோட்டுபோல ரெக்கார்டைப் பூட்டி வைக்கலாம். ஆனால் டீ குடிக்கப் போனவர் வரும்வரை அந்தப் பெட்டியை யாரும் பதிய முடியாது. அதனால் அவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மோதல் வந்தால், திரை திறந்தபோது இருந்தது, இவர் மாற்றியது, இப்போது தரவுத்தளத்தில் இருப்பது என்று மூன்றையும் ஒப்பிடுகிறோம். சீலை ஒருவரும் இடத்தை ஒருவரும் மாற்றியிருந்தால் இரண்டும் நிற்கும். இருவரும் ஒரே கட்டத்தைத் தொட்டிருந்தால், மாற்றியவர் பெயரையும் நேரத்தையும் காட்டி ஆளையே கேட்கிறோம்.

“இன்னா சார் இது, கேள்வி கேட்டுனே கீது?” என்று கேட்காரர் சலித்துக்கொள்கிறார். சலித்தபடியே வாக்கி டாக்கியை எடுத்து யார்டைக் கூப்பிடுகிறார்: “அண்ணே, பெட்டி எங்க?”