பெரியவர்களுக்கு ஏன் அட்டை இல்லை?

2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். தயங்குகிறவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் அங்கே போனார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. அதுவரை வாட்ஸ்அப் சொன்னதுதான் செய்தி.

எங்கள் தெருவிலும் பலர் அப்போது பின்வாங்கினார்கள். அவர்களை அறிவில்லாதவர்கள் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. பயந்தவர்களுக்கு உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

குழந்தைகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு உண்டு: தடுப்பூசி அட்டை இருக்கிறது, தேதி இருக்கிறது, நினைவூட்ட செவிலியர் இருக்கிறார். பெரியவர்களுக்கு? கர்ப்பிணிகளுக்கு டிடி ஊசி, நாய் கடித்தால் ரேபிஸ் ஊசி, ஏறக்குறைய அவ்வளவுதான். ஃப்ளூ, நிமோனியா, அக்கி ஊசிகளெல்லாம் பெரும்பாலும் கைக்காசு. சர்க்கரை உள்ள முதியவருக்கு நிமோனியா வந்தால் என்ன ஆகும் என்று ஐசியூ வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை அப்பாவைச் சர்க்கரை பரிசோதனைக்குக் கூட்டிப் போகும்போது, “டாக்டர், இவருக்கு என்னென்ன ஊசி போடணும்?” என்று நீங்களே கேளுங்கள்.