கீழும் மேலும்



நாம் நாள்தோறும் வழங்கும் திசைப் பெயர்களை இவ்வாரம் சற்றே தியானிப்போம். ‘கீழ்’ என்பதிலிருந்து கிழக்கும், ‘மேல்’ என்பதிலிருந்து மேற்கும் பிறந்தன. தமிழ்நிலம் மேற்கே மலையாய் உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. செஞ்சி மலைகளில் தோன்றும் சங்கராபரணி ஆறும் அந்தச் சரிவின் வழியே சென்று, புதுச்சேரிக்கு அருகே கடலில் சேருகிறது. நிலத்தின் ஏற்றத்தாழ்வைக் கண்டே நம் முன்னோர் பெயரிட்டனர்.

எபிரெயரோ சூரியன் உதிக்கும் திசையை நோக்கி நின்று பெயரிட்டனர். கிழக்கைக் குறிக்கும் ‘கெதெம்’ என்னும் சொல்லுக்கு ‘முன்புறம்’ என்று பொருள். தெற்கைக் குறிக்கும் ‘யாமீன்’ வலக்கையாகும். நமக்குக் கீழாயிருந்தது அவர்களுக்கு முன்னாயிருந்தது.

1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர் சுட்டிய செய்தி ஒன்று உண்டு. கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆயினும் மலையாளத்திலும் அது ‘கிழக்கு’தான். மண் மாறியும் சொல் மாறவில்லை.

இங்கே நம்மை நாமே சோதித்தறிவோம். நம் ஊர்களில் கீழத்தெரு உண்டு, மேலத்தெரு உண்டு. கிழக்குத் தெரு, மேற்குத் தெரு என்பதற்கு அப்பால் அப்பெயர்களில் ஒன்றுமில்லை. ஆனால் நிலத்தின் சரிவைச் சொன்ன சொற்களை மனிதர்மேல் ஏற்றி, கீழ்ச்சாதி என்றும் மேல்சாதி என்றும் வகுத்தோம். ஞானஸ்நானத்தில் நாம் நிற்கும் நிலம் மாறிற்று. நம் நாவின் சொல் மாறிற்றா? பெண் கொடுக்கும்போதும், கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கும்போதும், “எந்தத் தெரு?” என்ற கேள்வி நம்மிடையே இன்னும் எழுகிறதே!

லூக்கா 13-ஆம் அதிகாரம் 29, 30 வசனங்களை வாசியுங்கள். நான்கு திசைகளிலுமிருந்து ஜனங்கள் வந்து தேவனுடைய ராஜ்யத்தின் பந்தியில் அமர்வார்கள் என்று ஆண்டவர் உரைக்கிறார். அங்கே கிழக்கிலிருந்து வந்தவருக்குத் தனிப் பந்தி இல்லை. முந்தினோர் பிந்தினோர் என்னும் நம் கணக்கும் அங்கே தலைகீழாகிறது.

பிரியமானவர்களே, நாம் ‘கீழ்’ என்றழைத்த திசையிலேதான் தேவன் அனுதினமும் தம் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார். சீயமங்கலத்தில் கூடும் நாம், வருகிற ஞாயிறன்று திருவிருந்துக்கு முழங்காலிடுகையில், வேறு தெருவிலிருந்து வந்த ஒருவரின் அருகே முழங்காலிடுவோம். ஆராதனை முடிந்தபின் அவர் வீட்டுக்குச் சென்று, அவரோடு உண்போம்.

கர்த்தர் தாமே நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.