விட்டுப்போன கட்டம்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பூங்காவை ஒட்டிய ஒரு வீடு. பேத்தி கம்ப்யூட்டரில் மாநிலவாரி மக்கள்தொகை அட்டவணை தயாரிக்கிறாள். அஸ்ஸாம் வரிசையில் 1981க்கான கட்டம் மட்டும் காலி.

"பூஜ்யம் போட்டுடட்டுமா பாட்டி?"

"அத்தனை பேரும் அந்த வருஷம் எங்கே போனாங்களாம்?"

பேத்தி சராசரி எடுக்கிறாள். 1971இல் 1.46 கோடி, 1991இல் 2.24 கோடி, நடுவே 1.85 கோடி. அரசு அட்டவணையோ 1.80 கோடி என்கிறது. மக்கள்தொகை கூட்டுவட்டிபோல ஏறுவதால், நடுப்பகுதி சராசரியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனால் இரண்டுமே மதிப்பீடுதான். வெளிநாட்டவருக்கு எதிரான கிளர்ச்சியால் 1981இல் அஸ்ஸாமில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1991இல் ஜம்மு காஷ்மீரிலும் நடக்கவில்லை.

பாட்டிக்கு அந்தக் கட்டம் வெறும் எண் அல்ல. கணவருக்கு ரயில்வே வேலை. அப்போது குடும்பம் குவஹாத்தியின் மாலிகாவ் குடியிருப்பில். 1980இல் அங்கே பிறந்த மகன் 1983இல் காய்ச்சலில் போய்விட்டான். 1971இல் அவன் பிறக்கவில்லை. 1991இல் அவன் இல்லை. அவனை எண்ணியிருக்கக்கூடிய ஒரே ஆண்டு அதுதான்.

காலிக் கட்டத்தைப் பார்ப்பவர் ஏன் என்று கேட்பார். நிரப்பிய கட்டத்தை யாரும் கேட்பதில்லை.

பேத்தி 1.80 என்று நிரப்புகிறாள். பக்கத்தில் நட்சத்திரக் குறி போடச் சொல்கிறார் பாட்டி. அடியில் ஒரு வரி: 'எண்ணியதல்ல, மதிப்பீடு.'